கிணற்றுக் கணக்கு

எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்தேன், அதற்குமேல் ஒத்துவரவில்லை. நான் படிப்பை விட்டேனா, படிப்பு என்னை விட்டதா என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பாகாத வழக்கு. அதன்பிறகு கதை எழுத வந்துவிட்டேன். கதையில் ஒரு சௌகரியம் உண்டு. கதாநாயகிக்கு வயது பத்தொன்பது என்று முதல் அத்தியாயத்தில் எழுதிவிட்டுப் பத்தாவது அத்தியாயத்தில் பதினெட்டு என்று எழுதினாலும் யாரும் கோர்ட்டுக்கு இழுக்கமாட்டார்கள். மிஞ்சிப்போனால் ஒரு வாசகர் கடிதம் எழுதுவார்.

இப்படிப்பட்டவன் கிராப் காகிதத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டே படியுங்கள். நான் சொல்ல வந்தது கணக்கைப் பற்றி மட்டுமல்ல. ஒரு பழைய கடனைப் பற்றியும்தான்.

சென்ற ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் அவிநாசியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். நல்லாற்றுப் பக்கம். ஆறு என்று பெயர்தான். மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் பாதை. பெரியப்பா காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. திண்ணையில் அவர் உட்காரும் இடத்தில் யாரும் உட்காராமல் அது தானாகவே காலியாக இருந்தது. நானும் தள்ளியே உட்கார்ந்தேன்.

காப்பி குடித்து முடிப்பதற்குள் அண்ணன் மகள் வந்து நின்றாள். ஒன்பதாம் வகுப்பு. கையில் ஒரு பெரிய அட்டை.

“சித்தப்பா, இதைக் கொஞ்சம் பாருங்க. டீச்சர் ரொம்ப அழகா இருக்குன்னாங்க. ஆனா ஒண்ணும் புரியலைன்னும் சொல்லிட்டாங்க.”

அட்டையில் ஒரு வட்டம். அதைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு வர்ணம் தீட்டியிருந்தாள். பிறந்தநாள் கேக் தோற்றது, போங்கள்! தலைப்பு: ‘எங்கள் கிணற்றின் நீர்மட்டம்’. சித்திரைக்கு ஒரு துண்டு, வைகாசிக்கு ஒரு துண்டு.

“இந்தக் கணக்கெல்லாம் உனக்கு எங்கே கிடைச்சுது, அம்மிணி?”

“அப்பாரு நோட்டுலருந்துதானுங்க சித்தப்பா.”

அவள் அந்த நோட்டை என் மடியில் வைத்தாள். நீல அட்டை போட்ட பால் கணக்கு நோட்டு. எனக்கு நெஞ்சு ஒரு தரம் படபடத்து அடங்கியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பெரியப்பா பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதி காலையில், மாட்டுக்குத் தீனி போட்ட கையோடு, கிணற்றடிக்குப் போவார். ஐந்தடிக்கு ஒரு முடிச்சாகப் போட்ட கயிற்றின் நுனியில் ஒரு இரும்புத் துண்டு. அதைக் கிணற்று விளிம்பிலிருந்து விடுவார். ‘தொப்’ என்று சத்தம் கேட்டதும் கயிற்றைப் பிடித்துக்கொள்வார். முடிச்சுகளை எண்ணி, மிச்சத்தைச் சாணால் அளந்து, நோட்டில் எழுதுவார். தேதி, அடி, அவ்வளவுதான். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டால், “நம்ம கிணறு நம்மகிட்டச் சொல்லுது; எழுதிக்காம உட்டா மரியாதையா?” என்பார்.

எங்கள் சீமையில் கிணற்றுக்கு அப்படி மரியாதை செய்யத்தான் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றின் மழையைத் தன் மேற்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் இறக்கிவைத்துக்கொள்ளும். எங்களுக்கு வெறும் காற்றுத்தான் மிச்சம். ஐப்பசி கார்த்திகையில் பெய்வதை வைத்துக்கொண்டுதான் வருஷம் முழுவதும் ஓட்ட வேண்டும். நிலத்துக்கு அடியிலும் கெட்டிப் பாறை. மேலே இளகிய பாறையிலும், அதற்குக் கீழே விரிசல்களிலும் ஊறுகிற தண்ணீர்தான் கிணற்றுத் தண்ணீர். கவலை ஓட்டிய காலம் போய், மோட்டார் வந்து, ஆழ்குழாய் வந்து, ஆயிரம் அடிக்கும் கீழே தோண்டுகிற காலம் வரைக்கும் வந்தாயிற்று.

நோட்டை மூடிவைத்துவிட்டு அட்டையைப் பார்த்தேன். எனக்குக்கூட அதன் தவறு பட்டது.

“ஏன் கண்ணு, வட்டமா எதுக்குப் போட்டே?”

“அதுதானுங்க கலர் கலரா அடிக்கலாம்.”

நியாயமான பதில். நாவலாசிரியர்களிலும் இப்படி நினைப்பவர்கள் உண்டு. நான் பேர் சொல்லமாட்டேன்.

வட்டத்தை வெட்டிக் காட்டுவது ஒரு முழுப் பொருள் எப்படிப் பங்காகிறது என்று சொல்லத்தான். ஒரு தேங்காயை உடைத்தால் மூடிகள் சேர்ந்து மறுபடி தேங்காயாக வேண்டும். சித்திரை மாத ஆழத்தையும் வைகாசி மாத ஆழத்தையும் கூட்டினால் என்ன வரும்? ஒன்றும் வராது. பன்னிரண்டு மாத ஆழத்தையும் கூட்டினால் ஐந்நூறு அடி, அறுநூறு அடி என்று ஏதோ வரும். அப்படி ஒரு கிணறு எங்கள் தோட்டத்தில் இல்லை. எது முழுசு இல்லையோ, அதை வட்டத்தில் போடக்கூடாது.

“அப்ப வட்டமே போடக்கூடாதுங்களா?” என்று முகம் வாடிவிட்டது.

போடலாம். வருஷத்து மழையை எடுத்துக்கொள். வானிலைக்காரர்கள் அதைக் குளிர்காலம், கோடை, தென்மேற்கு, வடகிழக்கு என்று நாலு பருவமாகப் பிரிக்கிறார்கள். நாலும் சேர்ந்தால் ஒரு வருஷத்து மழை, முழுத் தேங்காய். அதில் வடகிழக்குப் பருவத்தின் துண்டுதான் நம் பக்கத்தில் பெரிது என்பது வட்டத்தில் போட்டால் ஒரே பார்வையில் தெரியும். துண்டுகள் நாலைந்துக்குமேல் போனால் மட்டும் கண் திணறிப்போகும். இன்னும் ஒன்று: கிட்டத்தட்டச் சமமாக இருக்கிற இரண்டு துண்டுகளில் எது பெரிது என்று கண்ணால் சொல்ல முடியாது. அதே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பட்டையாக நிறுத்தினால் குழந்தை சொல்லிவிடும்.

இந்தப் படங்களையெல்லாம் யார் கண்டுபிடித்தார்கள் என்று அவள் கேட்டாள். இதை நான் முன்பே தேடிப் படித்துவைத்திருந்தேன். அதற்கும் காரணம் அந்தப் பழைய கடன்தான். வில்லியம் பிளேஃபேர் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். நீராவி இயந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டிடம் வேலை பார்த்தவர். 1786-இல் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைக் கோடுகளாக வரைந்து ஒரு புத்தகம் போட்டார். வருஷா வருஷம் கணக்கு இருந்ததால் கோடு இழுக்க முடிந்தது. ஆனால் சொந்த ஊரான ஸ்காட்லாந்துக்கு வந்தபோது அவர் கையில் ஒரே ஒரு வருஷக் கணக்குத்தான் இருந்தது. ஒரு வருஷத்தை வைத்துக்கொண்டு கோடு இழுப்பது எப்படி? நாடுவாரியாகப் பட்டைகளை நிறுத்திவிட்டார். அவருக்கு அதில் அவ்வளவு திருப்தி இல்லை. ஆனால் இன்றைக்கு உலகம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் போடுகிற பட்டைப்படம் அந்தக் குறையிலிருந்து பிறந்ததுதான். வட்டத்தை வெட்டியதும் அவரே, 1801-இல்.

அவருடைய இளவயதுச் சம்பவம் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். அவருடைய தமையனார் பெரிய கணித மேதை. தம்பியை உட்காரவைத்து, உஷ்ணமானியை நாள்தோறும் பார்த்து எழுதச் சொல்லி, அதைக் கோடுகளாகப் போடப் பழக்கினாராம். அங்கே உஷ்ணமானி, இங்கே முடிச்சுப் போட்ட கயிறு. வித்தியாசம் அவ்வளவுதான்.

பேத்திக்கு உற்சாகம் வந்துவிட்டது. கிராப் காகிதம் கொண்டுவந்து, மாதத்தைக் கீழே வரிசையாகப் போட்டு, ஆழத்தைப் புள்ளியாக வைத்து, கோடு இழுத்துவிட்டாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். தை மாதத்திலிருந்து சித்திரை வரைக்கும் கோடு ஜம்மென்று மேலே ஏறியிருந்தது.

அந்தச் சமயம் அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். எட்டிப் பார்த்தார். “அட, சித்திரையில நம்ம கிணத்துல தண்ணி இவ்வளவு ஏறுதா? எனக்குத் தெரியாமப் போச்சே!” என்றார்.

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பெரியப்பா எழுதியது விளிம்பிலிருந்து தண்ணீர் வரைக்கும் உள்ள தூரம். எண் கூடினால் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். எண் சரி, புள்ளி சரி, கோடும் சரி. பார்க்கிறவன் மட்டும் நேர் எதிராகப் புரிந்துகொண்டு போகிறான். நிலத்தடி நீரை அளக்கிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பூஜ்யத்தை உச்சியில் போட்டு, ஆழத்தைக் கீழ்நோக்கி எழுதுவார்கள். அப்போது தண்ணீர் இறங்கினால் கோடும் இறங்கும். கிணற்றைப் பக்கவாட்டில் அறுத்து வைத்ததுபோல் இருக்கும். அப்படி மாற்றிப் போட்டதும் அண்ணனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. “ஆமா, இதுதான் நம்ம கிணறு” என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

அடுத்து மழை. மழைக் கணக்கையும் கோடாக இழுக்கப் போனாள். நான் கையைப் பிடித்தேன். கிணற்று மட்டம் அந்தந்த நேரத்து நிலைமை. நேற்றும் ஒரு மட்டம் உண்டு, இன்றும் ஒரு மட்டம் உண்டு, நடுவிலும் உண்டு, அதனால் கோடு. ஐப்பசி மழை என்பது அப்படியல்ல. அந்த மாதம் முழுவதும் விழுந்து சேர்ந்தது. அடுத்த மாதம் புதுக் கணக்கு. சேர்ந்த மூட்டைக்குப் பட்டைதான் சரி. அதிலும் ஒரு நுட்பம் இருந்தது. மழைக் கணக்கு இங்கிலீஷ் மாதத்துக்குக் கிடைக்கிறது. பெரியப்பா அளந்ததோ தமிழ் மாதம் முதல் தேதி. ஆகவே மழைப் பட்டையின் நடுவில் கிணற்றுப் புள்ளி வந்து விழுகிறது. இரண்டையும் ஒரே தாளில் போட்டோம். அக்டோபர், நவம்பரில் பட்டைகள் உயர்ந்து நின்றன. கோடு உடனே எழும்பவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, மார்கழி, தை வாக்கில் எழும்பிற்று. மழை நிலத்தில் இறங்கிப் பாறை வழியாகக் கிணற்றுக்கு வந்துசேர எடுத்துக்கொள்ளும் அவகாசம் அது. முப்பது வருஷம் அந்தக் கிணற்றில் குளித்தவன் நான். அந்த அவகாசத்தைக் காகிதத்தில்தான் முதலில் பார்த்தேன்.

இனிக் கடனைச் சொல்லிவிடுகிறேன்.

2016-ஆம் வருஷம் ஆனி மாதம். எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரி, வரத்து வாய்க்காலைச் சரிசெய்யக் கேட்டு ஒரு மனு எழுதினார்கள். எழுத்தாளன் என்று ஒருவன் வீட்டில் இருக்கும்போது மனு எழுத வேறு ஆளைத் தேடுவார்களா? நான்தான் எழுதினேன். கிணறுகள் வற்றுகின்றன என்பதற்குச் சாட்சியாகப் பெரியப்பாவின் நோட்டைக் கேட்டேன். அவர் துண்டால் துடைத்துக் கொடுத்தார்.

2006 தை மாதத்தில் எங்கள் அறுபதடிக் கிணற்றில் இருபத்துநாலு அடித் தண்ணீர். 2016 தை மாதத்தில் இருபது அடி. பத்து வருஷத்தில் நாலடி குறைந்திருக்கிறது. பட்டையாகப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பட்டையும் ஏறக்குறைய ஒரே உயரம். அண்ணன் தம்பி மாதிரி நின்றன. இதைப் பார்த்து எந்த அதிகாரி மனம் இளகுவார்? ஒரு வேலை செய்தேன். பட்டையின் அடியைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் பதினெட்டிலிருந்து தொடங்கினேன். இப்போது முதல் பட்டை ஆறு கட்டம். இரண்டாவது இரண்டே கட்டம். மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் போய்விட்டதுபோல் இருந்தது. எண்கள் எல்லாம் உண்மை. நான் ஒரு பொய்கூட எழுதவில்லை. அடியை மட்டும் கொஞ்சம் வெட்டினேன்.

பெரியப்பாவையும் அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எங்களைப் பார்த்த பொறியாளர் வயதில் சின்னவர். மரியாதையாக உட்காரச் சொன்னார். படத்தைப் பார்த்தார். பிறகு ஓரத்தில் சிறிதாக எழுதியிருந்த பதினெட்டைப் பார்த்தார். பென்சிலை எடுத்து, மனுவின் பின்பக்கத்தில் அதே இரண்டு பட்டைகளைப் பூஜ்யத்திலிருந்து போட்டார்.

“ஆறுல ஒரு பங்குதானுங்க குறைஞ்சிருக்கு. மழை முன்னப்பின்ன இருந்தாலே இது ஆகும்” என்றார். அப்புறம், சிரிக்காமல், “சார் கதை எழுதறவருங்களா?” என்று கேட்டார்.

நான் எத்தனையோ விமரிசனங்களைப் படித்திருக்கிறேன். அந்த நாலு வார்த்தையைப்போல் எதுவும் சுட்டதில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னது சரி. வேறு விவரம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். நான் மறுபடி போகவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஊர் நிறுத்தத்தில் இறங்கி, நடக்கத் தொடங்கும்போது மட்டும் கேட்டார்: “நா அளந்ததுல ஒண்ணும் பொய் இல்லியே, சாமி?”

இல்லை என்றேன். அதற்குமேல் என்ன சொல்ல? அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதும் பொய்த்துப்போயிற்று. வழக்கமான மழையில் பாதிகூடப் பெய்யவில்லை. எங்கள் கிணறு தரையைக் காட்டியது. பெரியப்பா அப்போதும் மாதம் தவறாமல் கயிற்றை விட்டார். ‘தொப்’ என்ற சத்தத்துக்குப் பதிலாகப் பாறையில் இரும்பு மோதுகிற சத்தம்.

இத்தனை வருஷம் கழித்து அதே நோட்டைப் பேத்தி என் மடியில் வைக்கிறாள். என்ன செய்வது? அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகளிடம் நம் தப்பைச் சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான். சொல்லிவிட்டால் சுகமாக இருக்கிறது.

அவள் கேட்ட முதல் கேள்வி: “பட்டையைப் பூஜ்யத்துலருந்துதான் போடணுமுங்களா? கோட்டையும் அப்படித்தானுங்களா?”

நல்ல கேள்வி. பட்டை தன் நீளத்தால் பேசுகிறது. காலை வெட்டிவிட்டு ஆள் உயரத்தை ஒப்பிடக்கூடாது. ஆகவே பட்டைக்குப் பூஜ்யம் கட்டாயம். கோடு ஏற்ற இறக்கத்தால் பேசுகிறது. ஆஸ்பத்திரியில் கட்டிலின் காலடியில் மாட்டுகிற காய்ச்சல் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதில் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் நூற்று நாலு டிகிரிக் காய்ச்சல்கூடச் சிறு மேடாகத்தான் தெரியும். டாக்டர் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அங்கே அடியை வெட்டுவது நியாயம். ஆனால் எங்கிருந்து தொடங்குகிறது என்பதைப் பெரிதாக எழுத வேண்டும். ஓரத்தில் சிறிதாக எழுதுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம்.

இரண்டாவது கேள்விதான் என்னை உட்காரவைத்துவிட்டது. “ஏனுங்க சித்தப்பா தை மாசத்தை மட்டும் எடுத்தீங்க?”

ஏன் எடுத்தேன்? தை முதல் தேதி பொங்கல், கண்ணில் பட்டது, எடுத்தேன். வேறு காரணம் இல்லை.

அவள் 2006-ஆம் வருஷத்துக் கோட்டை ஒரு வர்ணத்தில் போட்டாள். 2016-ஆம் வருஷத்துக் கோட்டை அதன்மேலேயே, அதே மாதங்களின்மேல், இன்னொரு வர்ணத்தில் போட்டாள். தை மாதத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மழை நின்றபின் பிரியத் தொடங்கின. 2006-இல் கோடு சாவகாசமாக இறங்கி, சித்திரையிலும் பதினைந்தடித் தண்ணீரோடு நின்றது. 2016-இல் மாசியிலிருந்தே செங்குத்தாக விழுந்து, சித்திரையில் இரண்டடிக்கு வந்துவிட்டது. அந்த இரண்டடியில் மோட்டார் காற்றைத்தான் உறிஞ்சும்.

இதுதான் விஷயம். மழை பெய்தவுடன் கிணறு நிரம்புவது ஏறக்குறையப் பழையபடிதான் இருந்தது. நிரம்பியது நிற்கவில்லை. குளத்தில் தண்ணீர் தேங்கி மெல்ல மெல்ல ஊறிக் கொடுத்த காலத்தில் சித்திரை வரைக்கும் தாங்கிய கிணறு, குளம் மேடிட்டுப்போனபின், சுற்றிலும் ஆழ்குழாய்கள் பெருகியபின், மாசியிலேயே ஓய்ந்துவிடுகிறது. எங்கள் மனுவுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அது பெரியப்பாவின் நோட்டிலேயே இருந்தது. ஆறில் ஒரு பங்கை மூன்றில் இரண்டு பங்காகக் காட்டப் பாடுபட்டேனே, உண்மையே அதைவிடக் கடுமையாக மூன்று மாதம் தள்ளி உட்கார்ந்திருந்தது. தப்பான படத்தைத் தேர்ந்தெடுத்ததால் பொய் தேவைப்பட்டது. சரியான படமாக இருந்தால் பொய்க்கு வேலையே இல்லை.

கதையிலும் இப்படித்தான். சிறுகதைக்கு உரிய விஷயத்தை நாவலாக நீட்டுகிறவன் நடுநடுவே ஒரு விபத்தையும் ஒரு கடிதத்தையும் இட்டுக்கட்ட வேண்டியிருக்கிறது. விஷயத்துக்கு ஏற்ற உருவம் கிடைத்துவிட்டால் இட்டுக்கட்டல் குறையும். இது எனக்கு முன்பே தெரியும். கிணற்று விஷயத்தில் தெரியாமல் போயிற்று.

பேத்தி அதோடு விடவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு, கயிற்றையும் தூக்கிக்கொண்டு, தோழிகளோடு மூன்று நாளில் ஊரிலுள்ள முப்பது கிணறுகளை அளந்துவிட்டு வந்தாள். சராசரி போட்டாள்: முப்பதடி ஆழத்தில் தண்ணீர். நான் சந்தோஷப்பட்டேன். அவள் சந்தோஷப்படவில்லை.

“முப்பதடியில ஒரு கிணத்துலயும் தண்ணி இல்லீங்க, சித்தப்பா.”

ஆழத்தைப் பத்துப் பத்து அடியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை கிணறு என்று இடைவெளி விடாமல் பட்டை நிறுத்தினோம். பள்ளிப் புத்தகத்தில் இதற்கு நிகழ்வுச் செவ்வகம் என்று பெயர். இரண்டு குவியல் தெரிந்தது: மேலே கொஞ்சம் கிணறுகள், மிக ஆழத்தில் கொஞ்சம் கிணறுகள்; நடுவில் வெறுமை. சராசரி அந்த வெறுமையில் போய் நின்றுகொண்டிருந்தது. ஓட்டு வீட்டுக்காரனையும் மாடி வீட்டுக்காரனையும் கூட்டி வகுத்து, ஊரில் எல்லாரும் நடுத்தர வர்க்கம் என்று சொல்வதுபோல!

எந்தக் கிணறு எங்கே இருக்கிறது என்று கேட்டால் எந்தப் பட்டையும் பதில் சொல்லாது. அதற்கு ஊர்ப் படம்தான் வேண்டும். 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்நோ என்ற டாக்டர் செய்தது அதுதான். இறந்தவர்களின் வீடுகளைத் தெருப்படத்தில் குறித்தார். குறிகள் பிராட் தெருவில் இருந்த ஒரு கைப்பம்பைச் சுற்றிக் குவிந்திருந்தன. அந்தத் தண்ணீர்தான் காரணம் என்ற அவருடைய வாதத்துக்கு அந்தப் படம் பெரிய பலம். நாங்களும் ஊர்ப் படத்தில் முப்பது கிணற்றையும் குறித்தோம். தண்ணீர் மேலே இருந்தவை குளத்தங்கரையோரம். ஆழத்தில் இருந்தவை மேட்டுக்காட்டில்.

“அப்பக் குளம்தான் காரணமுங்க” என்று குதித்தாள். பொறு என்றேன். குளத்தங்கரை பள்ளமான இடமும்கூட. பள்ளத்தில் தண்ணீர் மேலே இருப்பது குளத்தினாலா, பள்ளத்தினாலா? இரண்டும் சேர்ந்து நடப்பதால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று எழுதிவிட முடியாது. இந்திய வானிலை ஆய்வின் தலைவராக 1904 முதல் 1924 வரை இருந்த கில்பர்ட் வாக்கர், நம் பருவமழையை முன்கூட்டிச் சொல்வதற்காக உலகத்து மூலைகளிலிருந்தெல்லாம் கணக்குகளைச் சேர்த்து, எது எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பசிபிக் சமுத்திரத்துக்கும் நம் மழைக்கும் உள்ள உறவு அப்படித்தான் தெரியவந்தது. அந்த உறவின் காரணம் விளங்குவதற்கு அவருக்குப்பின் பல வருஷம் ஆயிற்று.

கடைசியாக, பெரியப்பாவின் நோட்டு முழுவதையும் ஒரே நீளமான கோடாக இழுக்க உட்கார்ந்தோம். காகிதத்தை ஒட்டி ஒட்டித் திண்ணை நீளத்துக்கு விரித்தோம். ஓர் இடத்தில் அவள் பேனா நின்றது. இரண்டு மாதம் எழுதப்படவில்லை. ஐப்பசியும் கார்த்திகையும்.

“நேரா இழுத்துச் சேர்த்துடு கண்ணு. முன்னாலயும் பின்னாலயும் இருக்குதில்ல? நடுவுல அங்கேதான் இருந்திருக்கும்” என்றேன்.

அவள் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்பாரு அளக்கலீங்களே, சித்தப்பா.”

எந்த வருஷம் என்று பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. பெரியம்மா ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு போய்ச் சேர்ந்த மாதங்கள் அவை. அத்தனை வருஷத்தில் பெரியப்பா கயிற்றைத் தொடாத மாதங்கள் அந்த இரண்டுதான்.

அவிநாசிக் கோயிலுக்குப் போனவர்களுக்கு அந்தக் கதை தெரியும். குளத்தில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சில வருஷம் கழித்து வந்த சுந்தரர் பதிகம் பாடி மீட்டார். முதலை வாயிலிருந்து வந்த பிள்ளை, போன வருஷங்களின் வளர்ச்சியோடு வந்தானாம். விட்டுப்போன காலத்தையும் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பது அவருக்கு முடிந்தது. எனக்கு முடியாது. முன்பு ஒரு தரம் அடியை வெட்டியவன், இப்போது நடுவில் ஒட்டுப்போடப் பார்த்தேன். அந்த இரண்டு மாதமும் மழைக்காலம் வேறு. கிணறு எவ்வளவு ஏறியதோ, யார் கண்டது?

அவள் இடைவெளி விட்டுவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து கோட்டைத் தொடங்கினாள்.

பள்ளியில் அந்தப் படத்தைப் பார்த்த டீச்சர், இங்கே ஏன் கோடு இல்லை என்று கேட்டாராம். அவள் சொன்னாளாம். டீச்சர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லையாம்.

பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாக ஓடும் தண்ணீரில் வருஷத்துக்கு ஒன்றரை டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு – அவிநாசித் திட்டம், பல தலைமுறை கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்ட் 17-இல் தொடங்கிவைக்கப்பட்டது. விடுபட்ட குளங்களையும் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் ஊர்க் குளம் விடுபட்டதில் ஒன்று. பக்கத்து ஊர்க் குளத்துக்குக் குழாய் இருக்கிறது. அங்கே தண்ணீர் நின்றால் எங்கள் கிணற்றுக்கு ஊறி வருமா, வந்தால் எத்தனை மாதம் கழித்து வரும்? பேத்தி இப்போது இரண்டு ஊரிலும் ஒவ்வொரு கிணற்றைப் பிடித்துக்கொண்டு, தமிழ் மாதம் முதல் தேதி தவறாமல் அளக்கிறாள். இரண்டு கோடு, ஒரே தாள், பூஜ்யம் உச்சியில். விடை தெரிய இன்னும் சில வருஷத்துப் புள்ளிகள் வேண்டும் என்று எனக்கே பாடம் சொல்கிறாள்.

புது மனுவும் தயாராகிவிட்டது. இந்தத் தடவை நான் எழுதவில்லை. அவள் எழுதியதைப் பிழைதிருத்தியதோடு சரி. கூட வரமட்டும் கேட்டிருக்கிறாள். போகிறேன். சார் கதை எழுதறவருங்களா என்று யாராவது கேட்டால், ஆமாம், ஆனால் இதை எழுதியது நானில்லை என்று சொல்வேன்.